உடோனும் உடான்ஸும்

ஜப்பானுக்கு ஆன்சைட் வர்ற நம்ம மக்கள் கிட்ட ஒரு பழக்கத்தைக் கவனிச்சிருக்கேன். ஜூன் வரைக்கும் அமைதியா இருப்பாங்க. ஜூலை பொறந்து, உடோன் கடை வாசல்ல ஐஸ்கட்டியோட பளபளன்னு படம் தொங்க ஆரம்பிச்ச உடனே வாயைத் திறந்துடுவாங்க. "என்னய்யா இது, ஆறிப்போன நூடுல்ஸை ஐஸ்ல போட்டுக் குடுக்குறான்?" இது முதல் அருள்வாக்கு. "அடுப்புல வைக்காத சோத்துக்கு எதுக்கு இவ்ளோ யென்?" இது ரெண்டாவது. மூணாவதா ஒருத்தர், வழக்கமா டீம்லயே சீனியரா இருப்பார், பல்லைக் குத்திக்கிட்டே "வெறும் மைதா பாஸ், இதுக்கு ஒரு மணி நேரம் க்யூவா"ன்னு தீர்ப்பு சொல்லிட்டு, பக்கத்துல இருக்குற இந்திய ரெஸ்டாரண்ட்டுக்கு எல்லாரையும் ஓட்டிக்கிட்டுப் போயிடுவார்.

பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லிட்டுப் போங்க. நாக்கு உங்களோடது. ஆனா தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி அடிச்சு விடுறதுக்கு நம்ம ஊர்ல பேரு உடான்ஸ். உடோனைப் பத்தி உடான்ஸ் விடுறவங்களுக்குத் தான் இந்தப் பதிவு.

முதல்ல அந்த "ஆறிப்போன" மேட்டர்.

உடோன்ங்கிறது கோதுமை மாவு, உப்பு, தண்ணி, அவ்வளவு தான். பிசைஞ்சு, மேல ஷீட்டைப் போட்டு காலால மிதிச்சு (ஆமா காலால தான், மூஞ்சியைச் சுளிக்காதீங்க), ஊற வெச்சு, தேய்ச்சு, கத்தியால நறுக்கி, பெரிய கொப்பரையில தளதளன்னு கொதிக்கிற தண்ணியில போடுவாங்க. தடிமனான உடோன் வேக பத்து, பதினஞ்சு நிமிஷம் ஆகும். வெந்ததை அள்ளி நேரா குளிர்ந்த தண்ணித் தொட்டியில கொட்டி, கையை விட்டு அலசுவாங்க. மேல ஒட்டியிருக்குற வழவழப்பான கஞ்சி போகணும், உள்ள வேகுறது அந்த நொடியில நிக்கணும். நூடுல்ஸ் இறுகுறது அங்க தான்.

இப்ப கவனிங்க. நீங்க "எனக்கு சூடா தான் வேணும்"னு கேட்டு வாங்குற உடோன் இருக்கே, கிண்ணம் நிறைய ஆவி பறக்குற 'காகே', அதுவும் இதே தொட்டியில முங்கிக் குளிச்சிட்டுத் தான் வருது. வெந்து, குளிர்ந்த தண்ணியில அலசி, உருண்டை உருண்டையா தட்டுல அடுக்கி வெச்சதை எடுத்து, சல்லடைக் கரண்டியில போட்டு, திரும்ப வெந்நீர்ல ரெண்டு முக்கு முக்கி, மேல சூடான சூப்பை ஊத்துறாங்க. செல்ஃப் சர்வீஸ் கடையா இருந்தா சில இடத்துல அந்த முக்குற வேலையையே உங்க கையில குடுத்துடுவாங்க. ஆக, மறுசூடு பண்ணதைச் சாப்பிடுறது யாரு? சில்லுன்னு வாங்குற நானா, சூடா வாங்குற நீங்களா? :-)

அலசாம நேரா கொப்பரையில இருந்து வர்றதுன்னா 'காமா-அகே'யும், பச்சை முட்டையைப் போட்டுக் கலக்குற 'காமாதாமா'வும் தான். அது ரெண்டும் தனி ஜாதி, வழுவழுன்னு மெத்துன்னு இருக்கும். மத்தபடி கடையில நிக்குற உடோனோட இயல்பான நிலை சில்லு தான். சூடு தான் அதுக்கு மேல போடுற சட்டை.

உடோனுக்குப் பேர் போன ககாவா மாநிலத்துல இதை ஆர்டர் பண்ற விதத்திலேயே பிரிச்சு வெச்சிருக்காங்க. சில பழைய கடைகள்ல 'அத்ஸு-அத்ஸு'ன்னா நூடுல்ஸும் சூடு, சூப்பும் சூடு. 'ஹியா-ஹியா'ன்னா ரெண்டும் சில்லு. 'ஹியா-அத்ஸு'ன்னு ஒண்ணு இருக்கு. நூடுல்ஸ் தொட்டியில இருந்து அப்படியே, சூப்பு மட்டும் சூடா. ரெண்டும் சேர்ந்து வெதுவெதுன்னு ஆயிடும். அந்த ஊர்க்காரங்க பல பேர் விரும்பிச் சாப்பிடுறாங்க. ஏன்னா மறுபடி வெந்நீர்ல முக்கினா நூடுல்ஸ் ஒரு படி தளர்ந்துடுதுன்னு அவங்களுக்குத் தெரியும். நம்மாளு பார்த்தா "மைக்ரோவேவ்ல வெக்க மறந்துட்டான் போல"ன்னு சொல்லியிருப்பார்.

இந்த தளர்ச்சி, இறுக்கம் எல்லாத்துக்கும் அவங்க வெச்சிருக்குற பேரு 'கோஷி'. பல பேர் இதை "கடினமா இருக்குறது"ன்னு நினைச்சுக்கிட்டு, வேகலைன்னு திருப்பி அனுப்புறாங்க. அது கடினம் இல்ல. பல்லு முதல்ல மெத்துன்னு இறங்கும், நடுவுல ஒரு எதிர்ப்பு வரும், அப்புறம் விட்டுக்குடுக்கும். வெளிப்பக்கம் தண்ணி நிறைய குடிச்சிருக்கு, உள்பக்கம் கம்மியா குடிச்சிருக்கு. அந்த வித்தியாசம் தான் கோஷி. நேரம் ஆக ஆக தண்ணி உள்ள வரைக்கும் பரவிடும், வித்தியாசம் போயிடும், அப்புறம் அது வெறும் மாவு. மெக்கானிக்கல் படிச்சிட்டு ஜாவா தட்டிக்கிட்டு இருக்குற என் இனத்துக்கு இது புரியணும். பழுக்கக் காய்ச்சின இரும்பைத் தண்ணியில முக்குறதைப் பத்தி ரெண்டு செமஸ்டர் படிச்சோமே! (விஷயம் வேற, நேரம் தப்பினா கதை கந்தல்ங்கிறது மட்டும் ஒண்ணு தான்.)

சூடான சூப்புல மிதக்குற உடோன்ல கோஷி சுமாரா இருந்தாலும் யாருக்கும் தெரியாது. சூப்பு காப்பாத்திடும், டெம்புரா காப்பாத்திடும். மூங்கில் தட்டுல வெறும் உடோனா வைக்கிற 'ஸாரு'வுலயோ, மேல ரெண்டு சொட்டு சோயா சாஸ் மட்டும் விட்டுச் சாப்பிடுற உடோன்லயோ ஒளிய இடமே இல்ல. மாஸ்டர் காலையில மாவை ஒழுங்கா மிதிச்சாரா இல்லையான்னு முதல் வாயிலயே தெரிஞ்சிடும். ககாவாவுல மன்னோங்கிற ஊர்ல ஒகாதாயான்னு ஒரு கடை. சோயா சாஸ் உடோனுக்கு மூலக்கடைன்னு பேர் வாங்கினது. அங்க உட்கார்ந்த உடனே ஒரு பெரிய முள்ளங்கித் துண்டையும் துருவியையும் கையில குடுத்துடுவாங்க. நீங்களே துருவிக்கணும். உடோன் வந்ததும் முள்ளங்கி, சோயா சாஸ், அவ்வளவு தான். நம்பிக்கை இல்லாதவன் இப்படி ஒரு தட்டை வாடிக்கையாளன் முன்னாடி வைக்க முடியுமா?

அடுத்தது அந்த "அடுப்புல வைக்காத சோறு". எனக்கு ரத்தம் கொதிக்கிறது இங்க தான்.

2025 ஆகஸ்ட்ல தகமட்சு போயிருந்தேன். கூட்டம் அலைமோதுற ஒரு கடை. பத்தே முக்காலுக்கே வாசல்ல முப்பது பேர் குடையோட நிக்கிறாங்க. வெயில்னா அப்படி ஒரு வெயில், காத்துல ஈரம் வேற, சட்டை முதுகோட ஒட்டிக்கிச்சு. அந்த வருஷம் ஆகஸ்ட் 5-ந்தேதி குன்மா மாநிலத்துல இஸேஸாகிங்கிற ஊர்ல 41.8 டிகிரி அடிச்சு ஜப்பானோட ரெக்கார்டையே உடைச்சது. ஒரு வாரத்துக்கு முன்னாடி தான் ஹியோகோவுல தம்பாங்கிற ஊர் 41.2 தொட்டிருந்தது. அந்த மாதிரி ஒரு கோடை.

க்யூ உள்ள போனதும் அடுப்படி கண்ணுல பட்டுச்சு. ஆள் உள்ள இறங்கிக் குளிக்கலாம், அவ்ளோ பெரிய கொப்பரை. கொப்பரை முன்னாடி அறுபது வயசுக்கு மேல இருக்குற ஒரு பெரியவர், தலையில துண்டு. பக்கத்துல தொட்டியில அலசுறவருக்கு நெத்தியெல்லாம் வேர்வை, ஐஸ்தண்ணிக்குள்ள முழங்கை வரைக்கும் கை, கை முழுக்க செக்கச்செவேல்னு. முகத்துல ஒரு ரித்து, கையில ஒரு ரித்து. நான் வாங்கின ஹியா-ஹியா என் தட்டுக்கு வந்தது அந்த ரெண்டுக்கும் நடுவுல இருந்து. மேல வெங்காயத்தாள், இஞ்சித் துருவல், நம்ம பூந்தி மாதிரி பொரிச்ச மாவுத் துளிகள், ஒரு துண்டு பச்சை எலுமிச்சை. முதல் வாய் உள்ள போனப்ப காது வரைக்கும் குளிர்ந்துச்சு. மூணு நிமிஷத்துல தட்டு காலி. எனக்குப் பின்னாடி நின்ன கூட்டத்தைப் பார்த்துட்டு அதுக்கு மேல உட்கார மனசு வரலை.

இதுக்குத் தான் "சமையலே இல்லையே, விலை குறையணுமே"ன்னு கேக்குறாங்க. ஐயா, சூடான உடோனுக்கும் அதே கொப்பரை, அதே பதினஞ்சு நிமிஷம். சில்லுன்னு குடுக்குறதுக்கு மேற்கொண்டு ஐஸ் வேணும், இல்ல தண்ணியைக் குளிர வைக்கிற மெஷின் வேணும். கோடையில குழாய்த் தண்ணியே வெதுவெதுன்னு தான் வருது, அதுல அலசினா எதுவும் இறுகாது. பல கடையில சூடுக்கும் சில்லுக்கும் ஒரே விலை வைக்கிறாங்க, ஸாருக்கு மட்டும் கொஞ்சம் கூட. நியாயமாப் பார்த்தா எல்லா சில்லு ஐட்டத்துக்கும் கூட வாங்கணும்.

மாவுக்கே கோடையில தனிக் கணக்கு. உடோன் மாஸ்டர்களுக்குள்ள ஒரு பழைய வாய்ப்பாடு உண்டு: உப்பு ஒரு கிண்ணம்னா, கொளுத்துற கோடையில தண்ணி மூணு கிண்ணம், கடுங்குளிர்ல ஆறு, மத்த நாள்ல அஞ்சு. வெயில் காலத்துல மாவு தளர்ந்து போகும், உப்பு தான் அதை இழுத்துப் பிடிக்கும், அதனால கோடையில உப்புத் தண்ணி திக்கா இருக்கணும். (பயப்படாதீங்க, அந்த உப்புல பெரும்பங்கு வேகும்போது தண்ணியில போயிடும்.) ஏசி ரூம்ல உட்கார்ந்து "வெறும் மைதா"ன்னு சொல்றவருக்கு, அந்த மைதாவுக்குள்ள அன்னிக்கு அடிச்ச வெயிலையும் கணக்குப் போட்டுக் கலந்திருக்காங்கன்னு தெரியுமா?

2025 ஜூன் 1-ல இருந்து ஜப்பான்ல ஒரு விதி வந்துச்சு. 31 டிகிரியோ அதுக்கு மேலயோ இருக்குற இடத்துல தொடர்ந்து ஒரு மணி நேரம், இல்ல ஒரு நாளைக்கு நாலு மணி நேரத்துக்கு மேல ஆளுங்க வேலை செஞ்சா, வெப்பத்தாக்குதலுக்கு முதலாளி முன்னேற்பாடு செஞ்சே ஆகணும், இல்லாட்டி தண்டனை. நல்ல விஷயம். ஆனா அது வேலைக்கு வெச்சிருக்குற ஆட்களுக்கு. ஓனரே மாஸ்டர், ஓனரம்மாவே கல்லா, இப்படி ஓடுற சின்னக் கடையில கொப்பரை முன்னாடி நிக்கிற அந்தப் பெரியவருக்கு யாரு முன்னேற்பாடு செய்யிறது? அவர் கிட்டப் போய் அம்பது யென் குறைக்கச் சொல்றீங்க.

அம்பது யென்னுன்னதும் ஞாபகம் வருது. "கோதுமை விலை இறங்கிடுச்சாமே, உடோன் மட்டும் ஏன் இறங்கல"ன்னு எக்கனாமிக் டைம்ஸ் படிக்கிற குரூப் ஒண்ணு இருக்கு. ஜப்பானுக்குத் தேவையான கோதுமையில ஆறுல அஞ்சு பங்குக்கு மேல வெளிநாட்டுல இருந்து தான் வருது. உடோனுக்குப் பேர் போன ககாவாவே பெரும்பாலும் ஆஸ்திரேலியா கோதுமையை நம்பி இருக்கு (உள்ளூர்லயே 'ஸனுகி நோ யுமே'ன்னு உடோனுக்காகத் தனி ரகம் உருவாக்கி வெச்சிருக்காங்க, ஆனா அளவு பத்தாது). இறக்குமதிக் கோதுமையை அரசாங்கம் வாங்கி மில்லுக்கு விக்குது, வருஷத்துக்கு ரெண்டு தடவை, ஏப்ரல்லயும் அக்டோபர்லயும் விலை மாத்துது. 2022 ஏப்ரல்ல ஒரே அடியா 17.3 சதவிகிதம் ஏத்தினாங்க. 2023 ஏப்ரல்ல இன்னொரு 5.8. அந்த வருஷம் அக்டோபர்ல தான் இறங்க ஆரம்பிச்சது. சரி, இறங்குச்சு. கொப்பரைக்கு எரியிற கேஸ்? ஐஸ் மெஷினுக்கு கரண்ட்டு? கூலி? நாடு முழுக்க சராசரி குறைந்தபட்சக் கூலி 2021-ல மணிக்கு 930 யென், 2025-ல 1,121 யென். கூலி ஏறினது நல்லது தான், ஏறணும். அது உங்க தட்டு விலையிலும் தெரியத் தானே செய்யும்? நம்ம கம்பெனி க்ளையண்ட்டுக்கு பில்லிங் ரேட் ஏத்தும்போது மட்டும் அப்ரைசல் ஞாபகம் வருதுல்ல?

விலையை விட எனக்கு உறுத்துற கணக்கு தண்ணி. இதையும் சொல்லிடுறேன், ஏன்னா ஐஸ்தண்ணி தொட்டியைப் பார்த்து "எவ்ளோ வேஸ்ட்டு"ன்னு ஒருத்தர் சொன்னார். இந்த ஒரு கேள்வியில தான் கொஞ்சமாவது நியாயம் இருக்கு.

ககாவா மழை குறைஞ்ச ஊர். பெரிய ஆறு கிடையாது. பரப்பளவுல ஜப்பான்லயே சின்ன மாநிலம், ஆனா ஏரி குளம் மட்டும் பத்தாயிரத்துக்கு மேல. மன்னோ ஏரியை 821-ல கூகாய்ங்கிற பௌத்தத் துறவி வந்து கரை கட்டிச் சரி பண்ணார்னு வரலாறு. நெல்லுக்குத் தண்ணி பத்தாத ஊர்ல கோதுமை நல்லா வந்துச்சு. பக்கத்துலயே கடல், உப்பு இருந்துச்சு. ஷோதோஷிமா தீவுல சோயா சாஸ், இபுகி தீவுல இரிகோன்னு நெத்திலிக் கருவாடு. உடோன் அங்க வளர்ந்த கதை இது தான். தண்ணி இல்லாத ஊர்ல பொறந்த சாப்பாட்டுக்கு வேக வைக்கவும் அலசவும் தண்ணி தண்ணியா வேணும், அதுவும் உச்சி வெயில்ல. வேடிக்கை தான்.

1974-ல இருந்து பக்கத்து மாநிலத்து யோஷினோ ஆத்துத் தண்ணி கால்வாய்ல வருது. கோச்சி மாநிலத்துல இருக்குற ஸமேஉரா அணை தான் ஆதாரம். இருந்தும் 1994 கோடையில தகமட்சுவுல குழாய்ல ஒரு நாளைக்கு அஞ்சு மணி நேரம் தான் தண்ணி விட்டாங்க. 2005 கோடையில ஸமேஉரா அணை பூஜ்யத்துக்குப் போச்சு. செப்டம்பர்ல ஒரு புயல் வந்து ஒரே நாள்ல நிரப்பிட்டுப் போச்சு. 2008-ல திரும்பவும் பூஜ்யம். அணை வத்தும்போதெல்லாம் "ககாவாக்காரங்க உடோன் வேக வைக்கிறதை நிறுத்தினா சரியாயிடும்"னு மத்த ஊர்க்காரங்க கிண்டல் பண்ணுவாங்க. ஊர் நின்னுச்சு, கடையும் நின்னுச்சு, 2011-ல ககாவா தனக்குத் தானே 'உடோன் மாநிலம்'னு பேர் வெச்சு விளம்பரமே பண்ணிக்கிச்சு. தண்ணியோட அருமை அந்தத் தொட்டியில அலசுறவருக்குத் தெரியாதுன்னு நினைக்கிறீங்களா? வாங்கின உடோனை பாதி வெச்சிட்டு எந்திரிச்சுப் போற நீங்க தான் அந்தத் தண்ணியையும் சேர்த்துக் குப்பையில கொட்டுறீங்க.

இன்னொரு கோஷ்டி, இவங்க உடோனை ரசிக்கிற கோஷ்டி, அதனால கோபம் கூடவே வருது. வெயில்ல ஒண்ணரை மணி நேரம் நின்னு, தட்டு வந்ததும் செல்லை எடுத்து மேல இருந்து ஒண்ணு, பக்கத்துல இருந்து ஒண்ணு, குச்சியால தூக்கி ஒண்ணு. மேல சொன்ன கோஷி கணக்கைத் திரும்பப் படிங்க. அது நிமிஷக் கணக்குல போயிட்டு இருக்கு. ஒண்ணரை மணி நேரம் எதுக்காக நின்னாங்களோ அது போட்டோ எடுக்குற நேரத்துல போயிடுது. அப்புறம் "ஓவர் ஹைப்பு"ன்னு ரெண்டு ஸ்டார்.

கடைசியா, சிரிக்க முடியாத உடான்ஸ் ஒண்ணு. ஊர்ல இருந்து புதுசா வந்த சைவப் பசங்களை உடோன் கடைக்குக் கூட்டிட்டுப் போய், "இது ப்யூர் வெஜ்டா, மாவும் சோயா சாஸும் தான், தைரியமா சாப்பிடு"ன்னு சொல்றது. நூடுல்ஸ் சைவம் தான். தொட்டுக்கக் குடுக்குற த்ஸுயு சைவம் இல்ல. அதோட அடித்தளமே தாஷி. ககாவான்னா நெத்திலிக் கருவாடு. மத்த இடத்துல கத்ஸுவோபுஷி, அதாவது சூரை மீனை அவிச்சுப் புகை போட்டுக் காய வெச்சது, நம்ம ஊர் மாசிக் கருவாட்டுக்கு ஒண்ணு விட்ட அண்ணன். அதுவும் சில்லு உடோனோட த்ஸுயு, சூடான சூப்பை விட அடர்த்தி. வெறும் சோயா சாஸ்னு எழுதியிருந்தாலும் பல கடையில தாஷி கலந்த சாஸைத் தான் மேஜையில வெச்சிருப்பாங்க. "தாஷி ஹைத்தே இமாஸு கா?"ன்னு கேளுங்க, ஒளிக்காம சொல்லிடுவாங்க. காய்கறி டெம்புரா? இறால் பொரிச்ச அதே எண்ணெய். தெரிஞ்சு சாப்பிட்டா அவன் இஷ்டம். தெரியாம அவன் வாயில போட வெச்சிட்டு, அடுத்த நாள் கேன்டீன்ல சொல்லிச் சிரிக்கிறதுக்குப் பேரு ராகிங். இதே வாய் தான் "ஸோபாவும் உடோனும் ஒண்ணு தான்"னும் சொல்லும். ஸோபாவுக்கு பக்வீட் அலர்ஜி உள்ளவங்க மூச்சு முட்டி ஆஸ்பத்திரி போற அளவுக்கு ஆகலாம். ரெண்டும் விக்கிற கடையில ஒரே கொப்பரைத் தண்ணியில வேக வைக்கிறதும் உண்டு. அலர்ஜி இருக்குறவங்க உடோன் மட்டும் விக்கிற கடையாப் பார்த்துப் போங்க, அங்கயும் ஒரு தடவை கேட்டுக்குங்க.

தயிர் சாதத்தையும், ராத்திரி தண்ணி ஊத்தி வெச்ச பழைய சோத்தையும், கோடையில சில்லுன்னு நீராகாரத்தையும் குடிச்சு வளர்ந்த நாக்கு, இங்க வந்து "ஆறினதை எவன் சாப்பிடுவான்"னு கேக்குறது தான் எனக்கு இன்னும் விளங்கலை.

சரி, ககாவா போறவங்களுக்கு ஒரு தகவல். பேர் போன சின்னக் கடைகள் பலதும் காலையில தொறந்து மத்தியானம் ரெண்டு மணி வாக்குல மூடிடுவாங்க. மாவு தீர்ந்தா அதுக்கு முன்னாடியே பலகை மாட்டிடுவாங்க. அதுக்கு மேல போய்க் கதவைத் தட்டாதீங்க, அவங்க கொப்பரை கழுவிட்டு இருப்பாங்க.